பசால்ட் டர்போவா, பலேனோவா? தொப்பூர் ஏற்றத்தில் வைத்து ஒரு கணக்கு

கூபே என்றால் பழைய அர்த்தத்தில் இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, பின்சீட்டில் குழந்தைகள் மட்டும் உட்காரக்கூடிய வண்டி. பத்துப் பதினைந்து லட்சத்துக்குள் அப்படி ஒரு புது வண்டி இந்தியாவில் விற்பனையில் இல்லை. இந்த விலையில் இன்று கூபே என்று விற்கப்படுவது, நான்கு கதவும் உயர்ந்த தரை இடைவெளியும் பின்னால் சரிந்து இறங்கும் கூரையும் கொண்ட எஸ்யூவி. 2024 ஆகஸ்டில் சிட்ரோன் பசால்ட் வந்தது. அடுத்த மாதமே பெட்ரோல், டீசல் டாடா கர்வ் வந்தது. தருமபுரி நேதாஜி பைபாஸிலும் கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்திலும் வண்டி வாங்க அலைகிறவர்கள் இதில் ஒன்றையும் ஒரு சாதாரண ஹேட்ச்பேக்கையும் பக்கத்தில் வைத்துத்தான் யோசிக்கிறார்கள். இங்கே எடுத்துக்கொண்டிருப்பது பசால்ட்டும் மாருதி பலேனோவும். கர்வ்வை விட்டதற்குக் காரணம், பசால்ட்டின் விலைப்பட்டியல்தான் பலேனோவின் விலைப்பட்டியலோடு நேராக உரசுகிறது. குழப்பமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பலேனோவின் உயர்ந்த மாடலுக்குக் கொடுக்கும் பணத்துக்குள் பசால்ட்டும் கிடைக்கிறது. ஆனால் கிடைப்பது டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) இல்லாத பசால்ட். 1.2 லிட்டர், சக்தி 82 பிஎஸ், இழுவை 115 என்எம், ஐந்து கியர். பலேனோவில் இருப்பதும் 1.2 லிட்டர்தான்; 90 பிஎஸ், 113 என்எம். இழுவை ஏறக்குறைய ஒன்றே. ஆனால் பசால்ட் நீளத்திலும் எடையிலும் பெரிய வண்டி. கம்பெனி சொல்லும் மைலேஜ் பலேனோ மேனுவலுக்கு 22.35, டர்போ இல்லாத பசால்ட்டுக்கு 18. கூரையின் சரிவுக்காக லிட்டருக்கு நான்கு கிலோமீட்டரை விட்டுக்கொடுத்து, ஏற்றத்தில் பலேனோவைவிடத் திணறும் வண்டியை வீட்டுக்கு ஓட்டிப் போவது எந்த விதத்திலும் லாபமில்லை. ஆகவே தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: பசால்ட் வாங்கினால் டர்போ வாங்குங்கள். டர்போவுக்குப் பணம் எட்டவில்லை என்றால் பலேனோவை எடுங்கள். நடுவில் இருப்பது வெறும் வடிவம். துள்ளல் இன்ஜினில் இருக்கிறது, கூரையில் இல்லை.

மலை சொல்லும் வித்தியாசம்

சமவெளி ஊர்களில் இந்த இரண்டையும் ஒப்பிட்டால் வித்தியாசம் இவ்வளவு துலக்கமாகத் தெரியாது. நம் பக்கத்தில் எந்தத் திசையில் போனாலும் மேடு. சேலத்திலிருந்து தருமபுரி வர தொப்பூர் ஏற்றம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போக மேலுமலை, சூளகிரி வழியாக நானூறு மீட்டர் அளவுக்கு உயர்ந்துகொண்டே போக வேண்டும். பென்னாகரம் தாண்டினால் ஒகேனக்கல் மலைப்பாதை. வத்தல்மலைக்கு இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள்.

பசால்ட் டர்போ மேனுவலில் 110 பிஎஸ், 190 என்எம். ஆட்டோமேட்டிக்கில் 205 என்எம். முக்கியம் இந்த எண் இல்லை, அது எந்த ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு இன்ஜின் சுழலும் எண்ணிக்கை) வருகிறது என்பது. டர்போவுக்கு முழு இழுவை 1,750 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. பலேனோ தன் 113 என்எம்மை எட்டுவது 4,400-இல். கணக்குப் போட்டால், 1,750 ஆர்பிஎம்மில் டர்போ கொடுக்கும் சக்தி சுமார் 47 பிஎஸ். அதே 47 பிஎஸ் பலேனோவிடமிருந்து வர வேண்டுமானால் இன்ஜின் 3,000 ஆர்பிஎம்மைத் தாண்டிச் சுழல வேண்டும். அதாவது ஒரு கியர், சில சமயம் இரண்டு கியர் இறக்க வேண்டும்.

தொப்பூர் ஏற்றத்தில் இது எப்படித் தெரியும்? நான்கு பேர், டிக்கி நிறையச் சாமான், ஏசி முழு வேகத்தில், முன்னால் இருபதில் ஊர்ந்து ஏறும் சிமென்ட் லாரி. பலேனோவில் மூன்றாவது கியர் போதாது, இரண்டாவதுக்கு வந்து, இன்ஜின் சத்தம் உள்ளே கேட்கும் அளவுக்கு மிதித்து, வலது தடத்தில் இடம் கிடைத்ததும் வெளியே வர வேண்டும். வரும், ஆனால் முன்கூட்டியே திட்டமிட்டால்தான் வரும். டர்போவில் மூன்றாவதிலேயே காலை அழுத்தினால், ஒரு நொடி தயங்கி, பிறகு முதுகைப் பிடித்துத் தள்ளும். அந்த ஒரு நொடித் தயக்கத்தைப் பழகிக்கொள்ள வேண்டும். 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே உயர்ந்த கியரில் வைத்து மிதித்தால் டர்போ இன்னும் காற்றைத் திணிக்கத் தொடங்கியிருக்காது. வண்டி நடுங்கும், இன்ஜினுக்கும் கெடுதல். மைலேஜுக்காக ஐந்தாவது கியரில் 40-இல் போகிற பழக்கம் உள்ளவர்கள் டர்போ வாங்கினால் முதலில் அந்தப் பழக்கத்தை விட வேண்டும்.

நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளில் முந்துவதற்கும் இதே கதைதான். கிருஷ்ணகிரி - ஊத்தங்கரை - திருவண்ணாமலை சாலையிலோ, ராயக்கோட்டைப் பக்கத்திலோ எதிரே பஸ் வருகிறதா என்று பார்த்து முந்தும் இடங்களில், எதிர்த்தடத்தில் நிற்கும் நேரம் இரண்டு நொடி குறைந்தாலும் அது பெரிய விஷயம். பலேனோவின் ஏஜிஎஸ் எனும் ஆட்டோமேட்டிக் கியர் இந்த இடத்தில்தான் பலவீனம். கிளட்ச்சை மிஷினே மிதித்து, கியர் மாற்றி, மறுபடி விடும் அந்த இடைவெளியில் வண்டி மூச்சைப் பிடித்ததுபோல் நிற்கும். முந்துவதற்கு முன்பே கியர் லீவரை மேனுவல் பக்கம் தள்ளி ஒரு கியர் இறக்கிக்கொண்டால் அந்தத் தடங்கல் பாதி குறையும். ஏஜிஎஸ் வண்டியின் விற்பனையாளர்கள் இதைச் சொல்லித் தருவதில்லை. பசால்ட்டின் ஆட்டோமேட்டிக் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் வகை, அதாவது கிளட்ச்சுக்குப் பதிலாக ஆயில் வழியாக இழுவையைக் கடத்துவது. அதில் இந்தப் பிரச்சினை கிடையாது. சோம்பலாக மாற்றும், ஆனால் மென்மையாக மாற்றும்.

தினசரி ஓட்டம் ஊருக்குள்தான், தொப்பூர் தாண்டுவது வருஷத்துக்கு நான்கு முறை என்றால் மேலே சொன்ன எதுவும் உங்களுக்குப் பெரிதில்லை. அதை நேர்மையாக எண்ணிப் பாருங்கள். "மலை ஏறணும்" என்று டர்போ வாங்கி, காவேரிப்பட்டணத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் மட்டும் ஓட்டுகிறவர்கள் நிறைய.

இறக்கம்

ஏறுவதைவிட இறங்குவதுதான் தொப்பூரின் பெயரைக் கெடுத்தது. தருமபுரியிலிருந்து சேலம் போகும் திசையில் இறக்கம். விபத்துச் செய்திகளில் வரும் இரட்டைப் பாலம் அந்தப் பக்கத்தில்தான். கார் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது, எடை கூடக் கூட பிரேக் உறிஞ்ச வேண்டிய சூடும் கூடும் என்பது. இரண்டு வண்டிக்கும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இரண்டும் ஒரே அளவு இன்ஜின். ஆனால் டர்போ பசால்ட் பலேனோவைவிட இருநூறு கிலோ அளவுக்குக் கனம். எனவே இறக்கத்தில் காலை எடுத்தால் பலேனோ தானாகவே அடங்குவதுபோல் பசால்ட் அடங்காது. மேனுவலில் மூன்றாவது கியர், ஆட்டோமேட்டிக்கிலும் ஏஜிஎஸ்ஸிலும் மேனுவல் முறைக்கு மாற்றி மூன்று. டி-யிலேயே விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் தேய்த்துக்கொண்டு இறங்கினால் கீழே வரும்போது கருகல் வாசனை வரும். பெடல் மெத்தென்று உள்ளே போகத் தொடங்கினால் பிரேக் ஆயில் சூடாகிவிட்டது என்று அர்த்தம். ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும். டிஸ்க்கின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, வளைந்துவிடும். நியூட்ரலில் இறங்குவது, சாவியை அணைத்து இறங்குவது இரண்டும் தற்கொலைக்குச் சமம். இன்ஜின் அணைந்தால், மிதிப்பதை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் (வெற்றிடம்) இல்லை. இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அதனால் கொதிநிலை குறையும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நம் ஊர் மலைகளுக்கு அவசியம். சர்வீஸ் பட்டியலில் இது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் அளவை மட்டும் பார்த்து மூடிவிடுகிறார்கள்.

அடி தட்டுமா?

எஸ்யூவி என்பதால் பசால்ட் அடி தட்டாது, பலேனோ தட்டும் என்பது பொதுவான நம்பிக்கை. எண்களை எடுத்துப் பாருங்கள். பசால்ட்டின் தரை இடைவெளி 180 மில்லிமீட்டர், பலேனோ 170. பத்து மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஒரு விரல் கனம்கூட இல்லை. வேகத்தடையில் வயிறு தட்டுவதை இடைவெளி மட்டும் முடிவு செய்வதில்லை, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரமும் சேர்ந்து முடிவு செய்கிறது. பசால்ட்டின் வீல்பேஸ் 2,651, பலேனோவுடையது 2,520. இரண்டையும் சேர்த்துக் கோணமாகக் கணக்கிட்டால் பசால்ட்டுக்கு 15.5 டிகிரி, பலேனோவுக்கு 15.4. கிட்டத்தட்ட ஒன்றே! கூடுதல் உயரத்தை நீளம் தின்றுவிட்டது.

இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அப்படிப் போட்டதில் இரண்டு வண்டியும் தட்டாது. கிராமத்து முனையில் ராத்திரியோடு ராத்திரியாக ஜல்லியும் சிமென்டும் கொட்டி எழுப்பிய மேட்டில், பின்சீட்டில் மூன்று பேரோடு நேராக ஏறினால் இரண்டுமே தட்டும். மேட்டில் சற்றுச் சாய்வாக ஏற்றி, ஒவ்வொரு சக்கரமாக இறக்குங்கள். பின்சீட்டு ஆட்களை இறக்கிவிட்டுத் தாண்டுவது இரண்டு வண்டிக்கும் பொருந்தும் பழைய வைத்தியம்.

உண்மையான வித்தியாசம் டயரில் இருக்கிறது. பசால்ட் டர்போவில் 205/60 ஆர்16. சைடுவால், அதாவது டயரின் பக்கச்சுவர், உயரம் 123 மில்லிமீட்டர். பலேனோவின் ஜீட்டா, ஆல்ஃபா மாடல்களில் 195/55 ஆர்16. சைடுவால் 107 மட்டும். கீழ் மாடல்களில் 185/65 ஆர்15, சைடுவால் 120. கிரானைட் லாரி ஓடும் சாலைகளில் சிதறிக் கிடக்கும் கூர்மையான சில்லுகளும், தார் விளிம்பு உடைந்து நிற்கும் ஓரங்களும் சைடுவாலைத்தான் வெட்டும். சைடுவால் வெட்டுப்பட்டால் பஞ்சர் போட முடியாது, டயரையே மாற்ற வேண்டும். குவாரிச் சாலையில் தினமும் போகிறவருக்குப் பலேனோவின் 15 அங்குல மாடல் புத்திசாலித்தனம். இரண்டு அளவுக்கும் வெளிவிட்டம் ஒன்றேதான், சுமார் 621 மில்லிமீட்டர்; எனவே 15 எடுத்தால் வண்டி தாழ்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம். ஜம்முக்காக 17 அங்குல அலாய் மாட்டுகிறவர்கள் முதல் குழியிலேயே ரிம்மை வளைத்துக்கொண்டு வருவார்கள்.

பின்சீட்டும் டிக்கியும்

கூபே வடிவத்துக்கு விலை கொடுப்பது பின்சீட்டுக்காரர் என்பார்கள். பசால்ட்டில் அது பாதி உண்மை. உட்கார்ந்த பிறகு தலைக்கு இடம் உண்டு. வீல்பேஸ் நீளமானதால் முழங்காலுக்குத் தாராளம். தொடையைத் தாங்கும் இருக்கைப் பகுதியை மூன்று நிலைகளில் உயர்த்திக்கொள்ளும் வசதி உயர்ந்த மாடலில் இருக்கிறது. முழங்கால் வலிக்காரர்களுக்கு பெங்களூரு வரையிலான பயணத்தில் இதன் அருமை தெரியும். சிக்கல் ஏறும்போது. கதவின் மேல் விளிம்பு பின்பக்கம் சரிந்து வருவதால், பின்சீட்டில் ஏறும் பெரியவர் தலையைக் குனிந்து உள்ளே நுழைய வேண்டும். ஆனால் இருக்கை உயரமாக இருப்பதால் உட்காரவும் எழுந்திருக்கவும் எளிது. பலேனோவில் இது தலைகீழ்: தலை இடிக்காது, ஆனால் இருக்கை தாழ்வு, முழங்காலை ஊன்றி எழ வேண்டும். அம்மாவையோ மாமியாரையோ ஷோரூமுக்குக் கூட்டிப்போய் மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். மூன்றாவது தடவை முகத்தில் தெரிந்துவிடும்.

பின்கண்ணாடி பசால்ட்டின் நிஜமான குறை. சரிந்த கண்ணாடி வழியாகப் பின்னால் தெரிவது ஒரு தபால் பெட்டியின் வாய் அளவுக்குத்தான். பின்கண்ணாடிக்கு வைப்பர் கிடையாது. நெடுஞ்சாலையில் காற்று அடித்துத் துளிகளைத் தள்ளிவிடும். ஆனால் பழையபேட்டை நெரிசலில் மழையில் ஊர்ந்து போகும்போது துளி அப்படியே நிற்கும். மண் சாலைப் புழுதியும் படிந்தபடி இருக்கும். ரிவர்ஸ் எடுக்கக் கேமராவையே நம்ப வேண்டும். கேமரா கண்ணிலும் புழுதி படியும், துடைக்க ஒரு துணி கதவுப் பையில் வையுங்கள். வண்டி நீளம் 4.35 மீட்டர், பலேனோ 3.99. தருமபுரி நாலு ரோட்டைச் சுற்றியுள்ள கடைத்தெருவில் ஒரு இடைவெளியைப் பார்த்து நுழைக்கும்போது அந்த ஒரு அடிச் சொச்சம் எவ்வளவு என்று புரியும்.

டிக்கியில் பசால்ட்டுக்கு 470 லிட்டர், பலேனோவுக்கு 318. எண்ணில் பசால்ட் வென்றுவிட்டது. பயன்பாட்டில் அது எதை ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. சூட்கேஸ், மளிகை மூட்டை, கல்யாணச் சீர்வரிசைத் தட்டுகள் என்றால் பசால்ட் விழுங்கிவிடும். மாம்பழப் பருவத்தில் பிளாஸ்டிக் கிரேட் ஏற்றுகிறவர்கள் உயரத்தைப் பார்க்க வேண்டும்: சரிந்த கண்ணாடி பின்விளிம்பில் தாழ்வாக வருவதால், வாசலுக்குப் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் கதவு மூடாது. பலேனோவின் பின்கதவு நிமிர்ந்து நிற்பதால் உயரமான பெட்டி உள்ளே நிற்கும். ஆனால் டிக்கி வாசல் மேடு உயரம், இருபது கிலோவைத் தூக்கி மேட்டைத் தாண்டி இறக்க இடுப்பு வலிக்கும். சிஎன்ஜி பலேனோ வாங்கினால் சிலிண்டரே டிக்கியை எடுத்துக்கொள்ளும், சக்தியும் 77.5 பிஎஸ்ஸாகக் குறையும். மைலேஜ் கிலோவுக்கு 30.61 என்றாலும் மலைக்கும் குடும்பத்துக்கும் அது பொருந்தாது.

பாதுகாப்பில் சொல்ல அதிகமில்லை. பாரத் என்சிஏபி மோதல் சோதனையில் இரண்டுமே நான்கு நட்சத்திரம். இரண்டிலும் ஆறு ஏர்பேக்.

பத்து லட்சக் கோடு

ஷோரூம் விலையை மட்டும் பார்த்து "மூன்று நான்கு லட்சம்தானே வித்தியாசம்" என்று நினைக்கிறவர்கள் வரியை மறந்துவிடுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பலேனோ 3,990 மில்லிமீட்டரில் இதற்குள் வந்துவிடும். பசால்ட்டின் இன்ஜினும் 1,200 சிசிக்குள்தான்; ஆனால் நீளம் நான்கு மீட்டரைத் தாண்டியதால் 40 சதவீதம். இது எக்ஸ் ஷோரூம் விலையிலேயே சேர்ந்து வருவதால் கண்ணுக்குத் தெரியாது.

கண்ணுக்குத் தெரிவது தமிழ்நாட்டின் வாழ்நாள் வரி. 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி, ஐந்து முதல் பத்து லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம், பத்து முதல் இருபது லட்சம் வரை 18 சதவீதம். 9.90 லட்சம் வண்டிக்கு வரி சுமார் 1.29 லட்சம், 10.10 லட்சம் வண்டிக்கு 1.82 லட்சம். இருபதாயிரம் கூடுதல் விலைக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் கூடுதல் வரி! பத்து லட்சத்தை ஒட்டி நிற்கும் மாடலுக்கு விற்பனையாளர் ஒரு பொருளைச் சேர்த்துத் தருகிறேன் என்றால், அது விலையைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளுகிறதா என்று முதலில் பாருங்கள். பசால்ட்டில் டர்போ என்றாலே கோட்டைத் தாண்டத்தான் வேண்டியிருக்கும். 12 லட்சம் பசால்ட்டுக்கு வரி 2.16 லட்சம், 8 லட்சம் பலேனோவுக்கு 1.04 லட்சம். விலையில் நான்கு லட்சம், வரியில் இன்னொரு ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

எரிபொருளுக்கு உங்கள் ஓட்டத்தை வைத்துப் பாருங்கள். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குத் தினமும் வேலைக்குப் போய்வருகிறவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 100 கிலோமீட்டர். மாதம் 25 நாள், 2,500 கிலோமீட்டர். ஏசியோடு நெடுஞ்சாலையில் பலேனோ லிட்டருக்கு 17, டர்போ பசால்ட் 14 என்று வைத்தால் 147 லிட்டருக்கு எதிராக 179 லிட்டர். மாதம் 32 லிட்டர், மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய். ஐந்து வருஷத்தில் இது இரண்டு லட்சத்துக்குப் பக்கம் போகும். டர்போவை அடிக்கடி மிதித்து ஓட்டினால் 14 என்பது 11 ஆகவும் இறங்கும். மைலேஜ் இவ்வளவு அகலமாக ஊசலாடுவது டர்போ பெட்ரோலின் குணம். சுங்கக் கட்டணத்தில் இரண்டுக்கும் ஒரே வகை. 200 முறை கடக்கத் தரும் ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் நெடுஞ்சாலையில் தினசரி போகிறவர்களுக்கு எந்த வண்டியானாலும் லாபம். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணமும் ஒரே பிரிவுதான்.

சர்வீஸுக்கு எவ்வளவு தூரம்?

ஒரு வேடிக்கை இதில் உண்டு. சிட்ரோனின் இந்திய இன்ஜின் தொழிற்சாலை நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரில் இருக்கிறது. வண்டி பூட்டப்படுவது திருவள்ளூரில். பிறந்த வீடு பக்கத்தில், ஆனால் சிட்ரோனின் சர்வீஸ் வலை மாருதியோடு ஒப்பிட மிகச் சிறியது. மாருதிக்கு மாவட்டத் தலைநகரங்களிலேயே பட்டறை உண்டு. பிரேக் பேட், வைப்பர் மாதிரி பொருள் கிருஷ்ணகிரி, தருமபுரி உதிரிபாகக் கடைகளில் அன்றே கிடைக்கும். பசால்ட் வாங்குமுன், உங்கள் வீட்டிலிருந்து அருகிலுள்ள சிட்ரோன் பட்டறை எத்தனை கிலோமீட்டர், அங்கே பாடி வேலைக்குப் பெயின்ட் பூத் இருக்கிறதா, முன்பம்பர் ஒன்று ஆர்டர் போட்டால் எத்தனை நாள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாவதுக்கு "ஒரு வாரத்துல வந்துடும் சார்" என்ற பதில் வந்தால் எழுத்தில் கேளுங்கள். வாரன்டியில் வருஷத்தைவிடக் கிலோமீட்டர் வரம்பைப் பாருங்கள். மாதம் 2,500 ஓட்டுகிறவருக்கு வரம்பு சீக்கிரம் முடிந்துவிடும். மாருதி இப்போது தருவது 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர்.

டர்போவுக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும், ஆனால் பூதமில்லை. கையேட்டில் எழுதிய கிரேடு ஆயில்தான். பட்டறைக்காரர் பெரிய பேரலில் இருந்து ஊற்றுகிற ஆயில் அல்ல. 10,000 கிலோமீட்டர் என்று இருந்தாலும், புழுதிச் சாலையிலும் மலையிலும் அதிகம் ஓடினால் 7,500-இல் மாற்றுவது டர்போவின் பேரிங்குக்கு நல்லது. வத்தல்மலை ஏறி மேலே நிறுத்தும்போது அரை நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு அணைக்க வேண்டும். சூடான டர்போவுக்குள் ஆயில் ஓட்டம் திடீரென்று நின்றால் அங்கேயே கருகிப் படியும். ஏர் ஃபில்டர் அடைத்தால் பலேனோவில் மைலேஜ் கொஞ்சம் குறையும். டர்போவிலோ இழுவை போய்விட்டது என்று கிளட்ச்சைச் சந்தேகப்பட வைக்கும். குவாரிப் பக்கம் போகிற வண்டிக்கு ஒவ்வொரு சர்வீஸிலும் ஃபில்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். "இன்னும் இருபது பிஎஸ் ஏற்றித் தருகிறோம்" என்று ரீமேப் (இன்ஜின் கணினியின் அமைப்பை மாற்றுவது) செய்பவர்கள் பெங்களூருவில் நிறைய. செய்த கணமே வாரன்டி போய்விடும்.

பெங்களூருவிலிருந்து இரண்டு கதவு

ஓசூர்க்காரர்களுக்கு இன்னொரு ஆசையும் உண்டு: பெங்களூரு பழைய கார் சந்தையில் ஒரு ஆடி டிடி, அல்லது 2016-இல் 5 லிட்டர் வி8 இன்ஜினோடு இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங். அசல் கூபே, அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்றாட வண்டிக்குப் பதிலாக அல்ல, அன்றாட வண்டிக்கு மேல் இன்னொன்றாக மட்டும் வாங்கக்கூடியது. காகித வேலையையும் கணக்கில் எடுங்கள். கர்நாடக ஆர்டிஓவிலிருந்து படிவம் 28-இல் என்ஓசி (தடையில்லாச் சான்று), கடன் இருந்தால் படிவம் 35-இல் அதன் நீக்கம், உரிமை மாற்றத்துக்கு 29, 30, புதிய பதிவெண்ணுக்கு 27. பிறகு ஓசூரின் டிஎன் 70-ஓ, கிருஷ்ணகிரியின் டிஎன் 24-ஓ கிடைக்க, வண்டியின் வயதுக்கேற்ற வாழ்நாள் வரியை இங்கே கட்ட வேண்டும். கர்நாடகத்தில் கட்டிய வரியின் மீதியைத் திரும்பக் கேட்கலாம், வருகிற நேரத்தில் வரும். மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவுப்படி பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் புதிய பதிவெண் கட்டாயம். "கேஏ நம்பரிலேயே ஓட்டிக்கலாம்" என்பவரிடம் வாங்காதீர்கள்.

ஓட்டிப் பார்ப்பது எப்படி

ஷோரூமில் இருந்து ஒரு சுற்று ஓட்டி வந்தால் எந்த வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். பிற்பகல் இரண்டு மணிக்குப் போங்கள், ஏசி எப்படி வேலை செய்கிறது என்று தெரியும். நான்கு பேராகப் போங்கள். கிருஷ்ணகிரியில் எடுத்தால் மேலுமலை ஏற்றம் வரை, தருமபுரியில் எடுத்தால் தொப்பூர் இறங்கித் திரும்ப ஏறி வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குங்கள். ஏற்றத்தின் நடுவே மூன்றாவது கியரில் 40-இல் இருந்து 70 வரை மிதித்துப் பாருங்கள். போனில் நேரத்தை எடுங்கள். பலேனோவில் இரண்டாவது கியரிலும் அதைச் செய்யுங்கள், அப்போதுதான் நியாயமான ஒப்பீடு. இறக்கத்தில் கால் எடுத்து மூன்றாவதில் எவ்வளவு அடங்குகிறது என்று கவனியுங்கள். ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போடாமல் மறுபடி கிளப்புங்கள். ஏஜிஎஸ் பின்னால் நழுவுகிறதா என்று தெரிந்துவிடும். உங்கள் தெருவுக்கே கொண்டுவந்து, தினமும் நிறுத்தும் இடத்தில் ரிவர்ஸில் ஏற்றுங்கள். கேமராவை ஒரு துண்டுத் துணியால் மூடிவிட்டு இன்னொரு முறை ஏற்றுங்கள். பசால்ட்டில் அந்த இரண்டாவது முறை வியர்க்காமல் ஏற்றினால் புக்கிங் தொகையை எடுக்கலாம்.